மோராக்கின் சூப்பும் புங்குடுதீவுச் சொதியும்

மச்சான்,

மகள் போன கிழமை ஸ்கொட்லாந்துக்குச் சுற்றுலா போய்விட்டு வந்தாள். மற்றப் பிள்ளைகள் சால்வையும் பிஸ்கட்டும் கொண்டுவருவார்கள். இவள் புகையூட்டிய மீன் ஒரு பொதி கொண்டுவந்தாள். பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க அந்த மணம். மனைவி யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, இதைக் காசு கொடுத்து வாங்க எந்த விசரிக்கு மனம் வரும் என்று கேட்டாள். நான் பொதியை மூக்கருகே பிடித்தபடி நின்றேன். சுவிஸில், ஆராவ் நகருக்கு வெளியே, ஆற்றங்கரை ஹோட்டலின் பெரிய குசினியில் நீ சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்பது அப்படியே தெரிந்தது. உடனே தொலைபேசியை எடுத்து உன்னைக் கூப்பிடப் போனேன். நீ இல்லை என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. இருவரும் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தோம். அந்த ஹோட்டலில் கோப்பை கழுவினோம். எனக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான். உனக்கு அப்படி இல்லை. ஊரில் கலியாண வீடுகளுக்குச் சமைத்தவன் நீ. சுடுதண்ணீரில் கையும் அடுப்பில் கண்ணுமாக நின்றாய். சுவிஸ் சமையற்காரர் சோஸ் கிண்டுவதைப் பார்த்து, "சோம்பல் கை" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்வாய். அடுப்படிக்கு மாற்றிவிடும்படி முதலாளியிடம் எத்தனையோ தடவை கேட்டாய். பார்ப்போம், பார்ப்போம் என்பார். அந்தப் 'பார்ப்போம்' உன்னை வாட்டிக்கொண்டே இருந்தது. நீ பகிடிவிட்டுச் சமாளித்தாலும் எனக்குத் தெரியும்.

அந்த இலையுதிர்காலத்தில் முதலாளி ஸ்கொட்லாந்து வாரம் என்று அறிவித்தார். வேற்று நாட்டுச் சாப்பாட்டை ஒரு வாரம் வைத்து விருந்தினரை இழுப்பது அப்போது ஹோட்டல்களில் வழக்கம். அதற்காக ஸ்கொட்லாந்திலிருந்து மோராக் என்ற சமையற்காரி வந்திறங்கினார். பருத்த உடம்பு, சிவந்த முகம், ஆம்பிளைச் சப்பாத்து. ஒவ்வொரு மாலையும் ஒரு பகுதியின் சாப்பாடு. மலைநாட்டு ஓட்ஸ் ரொட்டி ஒரு நாள். மேற்குத் தீவுகளின் விஸ்கி ஒரு நாள். அது தேங்காய்ப் பொச்சுமட்டை எரிந்த புகைபோல மணந்தது. ஆட்டின் ஈரலையும் இருதயத்தையும் ஓட்ஸோடு கலந்து இரைப்பைக்குள் அடைத்து அவிக்கும் ஹகிஸ் இன்னொரு நாள். அன்று குசினியில் எல்லாரும் மூக்கைப் பொத்த, நீ மட்டும் அது எங்கள் குடல்கறிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லி இரைப்பையைக் கழுவப் போனாய். மோராக் உன் கைகளைப் பார்த்தார். அடுத்த நாளே உன்னைத் தனக்கு உதவிக்குத் தரும்படி முதலாளியிடம் கேட்டார். வாரம் நல்லபடியாக முடிந்தால் அடுப்படியைப் பற்றிக் கதைக்கலாம் என்று முதலாளி உன்னிடம் சொன்னார். அன்று நீ கழுவின கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாய்.

வெள்ளிக்கிழமை மோராக்கின் சொந்த ஊர்ச் சாப்பாடு. கலன் என்ற கடற்கரை ஊர். அதன் பெயரையே வைத்துக் கலன் ஸ்கிங்க் என்றொரு சூப்: புகையூட்டிய மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால். அவர் மீனை அவித்து முள் எடுத்துக் கிழங்கோடு சேர்த்தபோது முதலாளி கூப்பிட்டார். ஒவ்வொரு மாலையும் சாப்பாட்டுக்கு முன் அந்தந்த ஊரைப் பற்றி விருந்தினருக்குச் சொல்வதும் மோராக்கின் வேலை. பாலை ஊற்றி மெல்லிய நெருப்பில் வை என்று காட்டிவிட்டுப் போனார்.

நீ பால் கேனைத் தூக்கினாய். திரும்பக் கீழே வைத்தாய்.

"மீனுக்குள்ள பசுப்பாலோ? சனத்துக்கு வெண்குட்டம் வந்தா ஆர் மச்சான் பொறுப்பு?"

எங்கள் வீடுகளில் மீன் தின்ற கையோடு மோர்கூடக் குடிக்க விடமாட்டார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இருந்தாலும், இவர்கள் தலைமுறை தலைமுறையாக இதைக் குடிக்கிறார்கள், ஒருவருக்கும் தோல் வெளுத்ததாகத் தெரியவில்லையே என்றேன்.

"அவை முதலே வெள்ளை. வந்தாலும் எப்பிடித் தெரியும்?" என்றாய்.

பசுப்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் என்று முடிவாயிற்று. கேக் பகுதியில் உலர் தேங்காய்ப்பூ இருந்தது. சுடுதண்ணீரில் ஊறவைத்து, துணியில் கட்டிப் பிழிந்தவன் நான்தான். நீ மஞ்சள் கொஞ்சம், உன் அலுமாரிக்குள் ஒளித்துவைத்திருந்த பச்சை மிளகாய் இரண்டு, கடைசியில் எலுமிச்சம்புளி சேர்த்தாய். வெள்ளிக்கிழமை இருவருக்கும் மரக்கறி என்பதால் வாயில் வைத்துப் பார்க்கவும் இல்லை. மணத்திலேயே உப்பைக் கணித்தாய். மோராக்குக்குப் பெரிய உதவி செய்துவிட்ட முகத்தோடு அகப்பையைத் தட்டி வைத்தாய்.

அவர் திரும்பி வந்து சட்டிக்குள் பார்த்தார். ஒரு கரண்டி குடித்தார். இன்னொரு கரண்டி குடித்தார். பிறகு உருளைக்கிழங்குச் சாக்கின் மேல் இருந்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. தாழ்ந்த குரலில் என்னிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதற்குள் முதலாளி வந்துவிட்டார். அவரும் ஒரு கரண்டி குடித்தார். அவர் முகம் மலர்ந்தது. இதையே அனுப்புங்கள், ஆர்காவ் மாநிலத்தில் ஸ்கொட்லாந்துச் சூப் எப்படியிருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார். உன் தோளில் தட்டி, திங்கட்கிழமை முதல் நீ அடுப்படியில் என்றார்.

மச்சான், அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன். நீ வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். நீயோ என்னிடம் திரும்பி, அவா என்ன சொன்னவா என்று கேட்டாய். நான் மழுப்பினேன். நீ விடவில்லை.

"நல்ல ருசியாம். ஆனா தன்ர ஊர் இப்பிடி இல்லையாம். வெளியில மேசைகளில தன்ர ஊர்ப் பேரை அட்டையில அடிச்சு வச்சிருக்காம்" என்றேன்.

நீ அழுக்கு ஏப்ரனைக் கழற்றினாய். வெள்ளை ஏப்ரன் ஒன்றைக் கட்டிக்கொண்டு, கோப்பை கழுவுகிறவன் ஒருநாளும் போகாத அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்துக்குள் போனாய். நான் பின்னால் ஓடிவந்தேன். உன் ஜெர்மன் அப்போது வெறும் குசினி ஜெர்மன். அதில் நீ சொன்னதைத் தமிழில் இப்படித்தான் எழுதலாம்:

"வாற சூப் இந்த அம்மாவின்ர ஊர்ச் சூப் இல்லை. அது என்ர ஊர்ச் சொதி. என்ர ஊர் புங்குடுதீவு. அவாவின்ர சூப் வேணும் எண்டால் கொஞ்சம் பொறுங்கோ, செய்து தருவா."

மூலையில் ஒரு முதியவர் ஊரின் பெயரை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். நீ ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாய். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், பிழையாகத்தான் வந்தது. சிரித்துக்கொண்டு சொதியே கொண்டுவரச் சொன்னார். பாதிப்பேர் அப்படிச் செய்தார்கள். மீதிப்பேர் காத்திருந்தார்கள். மோராக் மிச்ச மீனில் தன் சூப்பைச் செய்தார். பாலை அவரே ஊற்றினார். நீ அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எல்லாம் போன பிறகு அவர் ஒரு கோப்பையில் சொதியை வார்த்து, நின்றபடியே குடித்து முடித்தார். போகும்போது உன் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினார். அடுத்த நாள் காலையில் விருந்தினர் கோப்பி குடிக்கும்போது நீ கதவிடுக்கால் அவர்களுடைய கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றதையும் எழுதத்தான் வேண்டும்.

முதலாளி உன்னை மன்னிக்கவில்லை. விருந்தினர் முன்னால் தன்னை வெட்கப்படுத்திவிட்டாய் என்றார். திங்கட்கிழமை நீ மறுபடி என் பக்கத்தில், சுடுதண்ணீரில் கை வைத்துக்கொண்டு நின்றாய். எனக்கு ஆற்றாமை. கைக்கு வந்ததைக் காலால் உதைத்துவிட்டாயே என்று ஏசினேன். நீ கையிலிருந்த தட்டைத் துடைத்து வைத்தாய்.

"இந்த நாட்டுக்கு வந்து எத்தினை தரம் ஊர்ப் பேர் சொல்லியிருப்பம். எல்லாம் விசாரணையில கேட்டுச் சொன்னது, அதையும் நம்பேல்லை. வெள்ளிக்கிழமைதான் ஒருத்தரும் கேட்காமச் சொன்னனான்" என்றாய். "அதை அவாவின்ர ஊர்ப் பேருக்குக் கீழ ஒளிச்சு வச்சு எனக்கு ஒரு அடுப்பு வேண்டாம்."

அப்போது எனக்கு அது விசர்க்கதை. ஆனால் உனக்குக் கவலையே இருக்கவில்லை. அடுப்பு வரும், அது எங்கே ஓடப்போகிறது என்றாய். வந்தது. நீயே தேடிப் போய், நகரத்துக்குள் வேறொரு உணவகத்தில் பிடித்தாய். நோய் வந்து விழும்வரை அங்கே பெரிய சமையற்காரனாக இருந்தாய்.

உன்னைத் தகனம் செய்த அன்று மண்டபம் நிறைந்திருந்தது. உன்னோடு வேலை செய்த சுவிஸ்காரர் ஒரு பக்கம் முழுக்க இருந்தார்கள். அவர்களுக்காக உன் வாழ்க்கையை ஜெர்மனில் வாசிக்க ஒருவரைப் பிடித்திருந்தார்கள். நல்ல மனிதர், குரலும் நல்ல குரல். ஸ்ரீலங்காவில் பிறந்தார் என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். மேடை ஏறிப் பேசுகிற ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். அந்த ஹோட்டல் மண்டபத்துக்குள் உன் பின்னால் ஓடிவந்த அன்றும், முன்பின் தெரியாதவர்கள் முன்னால் நான் வாய் திறக்கவில்லை. அன்று எழுந்து நின்றேன். மன்னிக்கவேண்டும், அவன் பிறந்தது புங்குடுதீவில் என்று ஜெர்மனில் சொன்னேன். பின்வரிசைக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தரம், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். சொல்லும்படி ஒருவரும் என்னைக் கேட்டிருக்கவில்லை.