பன்னிரண்டாம் வரியில் நின்றுபோன பெயர்

சித்தி,

பள்ளிக்கூடத்தில் எங்களையெல்லாம் வாரிசு நியமனப் படிவத்தைப் புதிதாக எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள். வேலையில் இருக்கும்போதே நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்கு என்ன போய்ச் சேரவேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் தாள். மற்ற டீச்சர்கள் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்காமல் இந்த மாதிரித் தாள்களில் எனக்குப் பேனா ஓடாது. நீ ஒட்டிவைத்துவிட்டுப் போன வியாதி அது.

அதற்காக அப்பாவின் பட்டாளத்துப் பெட்டியைத் திறந்தேன். திறந்ததும் உன் வாசனை. பேண்டேஜ் துணி வெளுக்கிற மருந்தின் நெடி. தாள்களையெல்லாம் உன் பழைய சேலை ஒன்றில்தான் சுற்றி வைத்திருக்கிறேன். எத்தனை முறை துவைத்தும் அந்த நெடி போகவில்லை. சேலைக்குள் நாலாக மடித்த நோட்டுத் தாள் ஒன்று இருந்தது. பிரிக்கும் முன்பே அது என்ன என்று தெரிந்துவிட்டது. வரிக்கு ஒன்றாக, சண்முகத்தாய், சண்முகத்தாய் என்று பதினோரு முறை. பன்னிரண்டாவது வரி 'சண்மு' என்பதோடு நிற்கிறது. கையெழுத்து உன்னுடையது. பெயர் என்னைப் பெற்றவளுடையது. அதை எழுதச் சொன்னவள் நான்.

அம்மா போனபோது எனக்கு ஏழு வயது. அவளுடைய தங்கை உனக்குப் பத்தொன்பது. மஞ்சள் காமாலை என்று கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது. அப்பா வடக்கே எங்கோ பனியில் இருந்தார். தந்தி கிடைத்து, ரயில் மாறி மாறி அவர் ராஜபாளையம் வந்து இறங்கியபோது அம்மாவை எரித்து மூன்று நாளாகியிருந்தது. இருபது நாள் லீவு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பெரியவர்கள் கூடிப் பேசி, லீவு முடிவதற்குள் உன்னை அவருக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். பிள்ளையைத் தங்கச்சிதான் பிள்ளையாகப் பார்ப்பாள் என்றார்கள். மேளம் இல்லை, பத்திரிகை இல்லை, போட்டோ இல்லை. கோயிலில் ஒரு மஞ்சள் கயிறு, அவ்வளவுதான். நாலாம் நாள் அப்பா ரயிலேறிவிட்டார். உன்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று நான் கடைசிவரை உன்னிடம் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஒருநாள் உன்னை 'அம்மா' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். தலை பின்னிக்கொண்டிருந்த உன் கை நின்றது.

"சித்தின்னே கூப்பிடு ஏட்டி. அம்மா அங்க போட்டோவுல இருக்கால்லா" என்றாய்.

அப்பாவின் கடிதங்கள் எப்போதும் என் பெயருக்குத்தான் வரும். 'சித்தியிடம் சொல்லு', 'சித்தியைக் கேட்டதாகச் சொல்லு' என்று கடைசியில் இரண்டு வரி. நான் வாசிக்க வாசிக்க நீ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாய். உன் பெயருக்கு ஒரு கடிதம் வந்து நான் பார்த்ததில்லை. அதில் ஏதோ குறை இருப்பதாகக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

அப்பா ஓய்வு பெற்று வந்து ஒரு மில்லில் வாட்ச்மேனாகப் போய்க்கொண்டிருந்தார். உன் மகனுக்கு, என் தம்பிக்கு, அப்போது பத்து வயது. ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய பட்டாளத்து பென்ஷன் இனி மனைவிக்குக் குடும்ப பென்ஷனாக வரவேண்டும். வீடு அதை நம்பித்தான் இருந்தது. எனக்கு ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்த கடிதமும் அதே மாதம்தான் வந்தது. பெட்டியைத் திறந்து பென்ஷன் புத்தகத்தைப் பிரித்தோம். மனைவி பெயர் என்ற இடத்தில் சண்முகத்தாய் என்று இருந்தது.

பன்னிரண்டு வருஷமாக அவர் மாற்றவே இல்லை. அம்மா செத்ததையும் எழுதவில்லை, உன்னைக் கட்டியதையும் எழுதவில்லை. பட்டாளத்துத் தாள்களில் அம்மா உயிரோடு இருந்தாள். நீ எங்குமே இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பென்ஷன் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவரிடம் போனோம். அவர் புத்தகத்தைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், சிரித்தார்.

"ஒரே அப்பன் பிள்ளைக, ஒரே ஜாடை. உங்க போட்டோவ ஒட்டி, அக்கா பேர்ல கையெழுத்தப் போட்டா சோலி முடிஞ்சது தாயி. மூணு மாசத்துல கைக்கு வந்துரும். உள்ளதச் சொல்லப் போனீகன்னா கோர்ட்டு, தாலுகா ஆபீஸ்னு எம்புட்டு காலம் அலையணுமோ."

நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, உன்னைக் கட்டிக்கொடுத்தபோது உனக்கிருந்த அதே வயது. மூன்று மாதம் என்ற வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அன்று சாயங்காலம் நோட்டைக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்தேன். அஞ்சாவது வரை படித்தவள் நீ. உன் பெயரையே ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுவாய். கை பழகட்டும் என்று எழுதச் சொன்னேன். எழுதினாய். பன்னிரண்டாவது வரியில் பேனாவை மூடி வைத்தாய்.

"முடியல ஏட்டி."

"எங்க அம்மா பேருதானே? நானே சொல்லுதேன், போடு."

"நாளைக்கு நான் செத்தா எந்தப் பேர எழுதுவ? அக்கா ரெண்டு தடவ சாகணுமா? நான் ஒரு தடவகூடச் சாகாமப் போகணுமா?"

ஆத்திரத்தில் அதைச் சொன்னேன். "பெத்தவளா இருந்தா எனக்காகப் போட்டிருப்பா."

நீ அழவில்லை. எழுந்து போய் ரசத்தைத் தாளித்தாய். அன்றைய ரசத்தில் உப்பே இல்லை. தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் முறைத்ததும் தட்டைப் பார்த்துக்கொண்டான். நீயும் அதையே ஊற்றிச் சாப்பிட்டாய். அந்த வார்த்தைக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை சித்தி. நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளித் தள்ளி, அப்பா மாதிரியே ஆகிவிட்டேன்.

மறுநாளே பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கப் போனாய். அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். "முதல்ல உங்க அக்கா இறந்ததைப் பதியணும்மா. வருஷக்கணக்கா விட்டுட்டதால கோர்ட்டு உத்தரவு இல்லாமப் பதிய மாட்டாங்க. அதுக்கப்புறம்தான் நீங்க யாருன்னே பேச முடியும்" என்றார் அவர். கல்யாணத்துக்கு என்ன சாட்சி என்று கேட்டார். அப்பாவின் கடிதக் கட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றில்கூட உன் பெயர் இல்லை. கடைசியில் உதவியது தம்பியின் பிறப்புச் சான்றிதழ். ஆஸ்பத்திரியில் பிறந்ததால் அவனை மட்டும் ஒழுங்காகப் பதிந்திருந்தார்கள். அப்பா பெயருக்குக் கீழே உன் பெயர். நம் வீட்டிலேயே அந்த ஒரு தாள்தான் உன்னை ஒப்புக்கொண்டது.

ஒவ்வொரு மனுவையும் நான்தான் எழுதினேன். எங்காவது கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ எழுதப் பார்த்தால், பக்கத்தில் இருந்து, "உள்ளத எழுது ஏட்டி, போதும்" என்பாய்.

கோர்ட்டில் நீ கூண்டில் நின்ற நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. வேலையிலிருந்து நேராக வந்திருந்தாய், தலையில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட எனக்குக் கை எட்டவில்லை.

"இறந்ததை நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

"எம்மடியிலதான் தல இருந்துச்சு ஐயா."

"இத்தனை வருஷம் ஏன் பதியலை?"

"பதியணும்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவிய, எங்க வீட்டுக்காரவிய, பட்டாளத்துல இருந்தாக. அவியளுக்கு மனசு வரல."

"மனசு வரலைன்னா?"

"எம்பேரச் சேக்கணும்னா, அக்கா போயிட்டான்னு அவிய கையால ஒரு காயிதம் எழுதணுமாம். ஒவ்வொரு லீவுக்கும் காயிதத்த எடுத்து வச்சுட்டு உக்காருவாக. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருப்பாக. பொறவு எந்திரிச்சுப் போயிருவாக."

"நீங்க எழுதச் சொல்லலையா?"

"எங்க அக்கால்லா ஐயா."

அப்பா லீவில் வரும்போது ஜன்னலோரம் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். யூனிட்டுக்கு ஏதோ எழுதுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். நீ அப்போதெல்லாம் அந்தப் பக்கமே வராமல் அடுப்படியில் இருப்பாய். உன் பெயர் ஏறாமல் போனது உனக்குத் தெரிந்தேதான் நடந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரியும். அவருக்காகவும் அவளுக்காகவும் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். அப்படி இருந்தவளிடம்தான் நான் அந்தப் பெயரையே போடச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

உத்தரவு கிடைத்த அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ பால்கோவா வாங்கினாய். வீட்டுக்கு வந்து அம்மா போட்டோ முன்னால் இலையில் வைத்தாய். "உம்பேர நான் எடுக்கல அக்கா" என்றாய். எங்கள் யாருக்கும் கேட்கக்கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னாய்.

பென்ஷன் வர அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. எனக்குக் கிடைத்த இடம் போயிற்று. அடுத்த வருஷம் மறுபடி கிடைத்தபோது, இரண்டு ஷிப்டு துணி மடித்து என்னை அனுப்பினாய். நான் பயிற்சியில் இருந்து லீவுக்கு வந்திருந்த ஒரு மத்தியானம் தபால்காரர் வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வடக்கிலிருந்து பென்ஷன் உத்தரவோடு வந்த பழுப்புக் கவர். நீ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய், "ஆமா, நாந்தான்" என்றாய். அவர் கேட்காமலேயே இன்னொரு தடவையும் சொன்னாய்.

அதோடு நீ ஓயவில்லை. அப்பா உயில் எழுதாமல் போனதால் வீட்டுக்கு நாம் மூன்று பேரும் வாரிசு. என் கல்யாணப் பேச்சு வந்தபோது, பங்கு வேண்டாம் என்று என்னிடம் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடும்படி சொந்தத்தில் ஒருவர் உன்னிடம் சொன்னார். கட்டிக்கொடுக்கும் பெண்ணிடம் கையெழுத்து வாங்குவது நம் பக்கத்தில் நடக்கிறதுதான். வீடு மொத்தமும் உன் மகனுக்கே வந்திருக்கும். நீ சொன்னது எனக்கு உள்ளறையில் கேட்டது: "அவளுக்கும் பங்கு உண்டு. வேண்டாம்னு விடுறது அவ இஷ்டம். இல்லன்னு மறைக்க நான் யாரு?"

இப்போது தெருவில் யார் ஓய்வு பெற்றாலும் நான் போய் நச்சரிக்கிறேன். வீட்டம்மா பெயர் சரியாக இருக்கிறதா, பேங்க்கில் யார் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள், வீட்டுப் பத்திரம் எங்கே என்று. நல்ல நாளும் அதுவுமாகச் சாவைப் பேசுகிறாள் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். பட்டாளத்தில் இருந்து லீவில் வந்த எதிர்வீட்டுப் பையனைப் போன வாரம்தான் பிடித்து உட்காரவைத்து, கட்டிய பெண்ணின் பெயரை யூனிட்டுக்கு எழுத வைத்தேன்.

நீ போன மூன்றாம் நாளே நகராட்சிக்குப் போய்விட்டேன். தம்பியும் வந்தான். படிவத்தில் இறந்தவர் பெயர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். நீ எழுதுகிற மாதிரியே, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்தி எழுதினேன். அடுத்து, தகவல் தருபவர் இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. எழுதிவிட்டு நீட்டினேன். அங்கிருந்தவர் அதையும் அடையாளத்துக்கு நான் கொடுத்த பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மகள்னு போட்டிருக்கீங்க. இதுல உங்க அம்மா பேரு சண்முகத்தாய்னு இருக்கே?"

"அவுகளும் அம்மாதான் சார்" என்றேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி, "ஆமா சார்" என்றான்.

நீ இருந்திருந்தால் பேனாவைப் பிடித்துக்கொண்டு, அக்கா மகள் என்று திருத்தச் சொல்லியிருப்பாய். திருத்தியிருக்க மாட்டேன். உள்ளதைத்தான் எழுதினேன் சித்தி.