ஐந்தருவியில் இன்று நாலு

சாரல் தொடங்கிவிட்டால் இந்த வீட்டு மர இழுப்பறைகள் உப்பிக்கொள்ளும், உனக்குத் தெரியும். இரண்டு முறை இழுத்துப் பார்த்து, இடது பக்கம் ஒரு தட்டுத் தட்டி, மூன்றாம் முறை இழுக்க வேண்டும். இன்று காலை ரேஷன் கார்டைத் தேடிச் சாப்பாட்டு மேசையின் இழுப்பறையை அப்படித்தான் திறந்தேன். கார்டு கையில் சிக்குவதற்கு முன் உன் எண்ணெய் வாசனை வந்தது. வெட்டிவேரும் கரிசலாங்கண்ணியும் போட்டு நீயே காய்ச்சுகிற எண்ணெய். அடியில் அந்தத் தாள், நாலாக மடித்தபடி. மேல் மூலையில் உன் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை. பத்து மாதத்தில் மஞ்சளாகக் காய்ந்திருக்கிறது. வாசனை மட்டும் போகவில்லை.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது.

கான்வென்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரே கன்னியாஸ்திரியிடம் பிரம்படி வாங்கி, ஒரே மாதிரி சாய்வெழுத்து எழுதக் கற்றோம். கல்லூரியில் முதல் வருடம் முடிவதற்குள் உன்னைப் பாவூர்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் எம்.ஏ. முடித்தேன், பி.எட். முடித்தேன், இரண்டையும் பித்தளைப் பலகையில் பொறித்து மேலகரத்து வீட்டு வாசலில் மாட்டினேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு நீ தபால் வழியில் பி.காம். படித்துத் தேறினாய். அதற்கு நான் ஒரு பேனா வாங்கிக் கொடுத்ததாக நினைவு. பாராட்டிப் பேசியதாக நினைவில்லை.

"ஒன் வீட்டுப் பலகையத் தாண்டும்போது செருப்பக் கழத்திக் கையில எடுத்துக்கிடணும்போல இருக்குட்டி" என்பாய். நீ சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரித்தேன்.

உன் வீட்டுக்காரர் தவறி இரண்டு வருடம் கழித்து, நீ தென்காசியில் தனியாக இருந்த நாட்களில், ஒரு நாள் வந்து எம்.பி.ஏ. சேர்ந்திருப்பதாகச் சொன்னாய்.

"எந்த வயதில்?" என்று கேட்டேன்.

"அறுவத்தி மூணுலதான். வேற எந்த வயசு இப்பம் என் கையில இருக்கு?"

டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்றாய். செல்போனில் சாமான் விற்பதற்கு ஒரு பட்டமா என்றேன். "விக்கது இல்லட்டி. ஒருத்தன் என்னத்தத் தேடுதான்னு கண்டுபிடிச்சு, அவன் தேடுத எடத்துல போயி நிக்கது" என்றாய். வகுப்புகள் எல்லாம் கம்ப்யூட்டரில். கூடப் படித்தவர்களுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. பால்காரரோடு நீ போட்ட சண்டையை வகுப்பு முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, மைக் ஆன்ல இருக்கு. ஆனா நீங்க சொன்னதுதான் நியாயம்" என்று ஒரு பெண் சொன்னதை என்னிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பாய். நான் நாலு தடவையும் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் எதற்கு இந்தக் கோமாளித்தனம் என்பது என் எண்ணம். உண்மையைச் சொன்னால் அது மட்டுமில்லை. நீ முடித்துவிட்டால் நம் இருவர் பெயருக்குப் பின்னாலும் முதுநிலைப் பட்டம் இருக்கும். அது எனக்கு உறுத்தியது.

கடைசிப் பருவத்தில் ஒரு செயல்திட்டம். நிஜமான ஒரு வாடிக்கையாளரைப் பிடித்து, அவருக்காக இணையத்தில் ஒரு பக்கம் நடத்தி, யார் வந்தார்கள், என்ன விசாரித்தார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் வந்து காப்பி குடித்துக்கொண்டே கேட்டாய்.

"ஒன் மாடிய எடுத்துக்கிடட்டா? சீசனுக்கு வாறவுகளுக்கு விடுத வீடுன்னு போடுதேன். இந்த வருசம் விசாரிப்பு மட்டுந்தான், அடுத்த சீசனுக்குத்தான் எடம்னு தெளிவா எழுதிருவேன். ஒரு ஆளு வரமாட்டாக."

"என்னமோ செய்" என்றேன். செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன். ஒரு சொல்லை எடைபோடாமல் விடுகிறவள் இல்லை நான். அன்று விட்டேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். ஐம்பது வருடச் சிநேகிதி வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

ஆனியில் பக்கத்தைத் தொடங்கினாய். குற்றாலம் வருகிறவர்கள் முதலில் அறையைத் தேடுவதில்லை, அருவியில் தண்ணீர் விழுகிறதா என்றுதான் தேடுகிறார்கள் என்று கண்டுபிடித்தது நீ. உன் ஆசிரியருக்கே அது தெரியவில்லை என்று பெருமைப்பட்டாய். தினம் காலை முதல் பஸ்ஸில் குற்றாலம் போய், மெயின் அருவியையும் ஐந்தருவியையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்து எழுதினாய். இன்று நன்றாக விழுகிறது. இன்று குளிக்கத் தடை. இன்று வெறும் பாறை, வராதீர்கள்.

"வராதீங்கன்னு எழுதினால் எவன் வருவான்?" என்றேன்.

"இல்லன்னா இல்லன்னு சொல்லணும்ட்டி. அப்பந்தான் இருக்குன்னு சொல்லுதபோது நம்புவாக."

இப்போதும் என் காதில் அது நீ சொன்ன குரலிலேயே இருக்கிறது.

ஆடியில் என் வீட்டுக்காரர் திதி. கொழுந்தனார் குடும்பம், அவர் சம்பந்தி வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். இலை போடும் நேரத்துக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. தலையில் எண்ணெயும் தோளில் ஈரத் துண்டுமாகப் பத்துப் பேர். "ரூம் இருக்கா?" என்றார் ஒருவர். உன் இணையப் பக்கத்தில் போட்டிருந்த படத்தைப் பார்த்து, நேரே வீட்டைக் கண்டுபிடித்து வந்திருக்கிறார்கள். அடுத்த சீசன் என்று நீ எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை.

கொழுந்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "என்ன மதினி, போர்டு மட்டுந்தான் இன்னும் மாட்டலியோ? இந்தப் பித்தளையக் கழத்திட்டு அதுலயே எழுதிருங்க, செலவு மிச்சம்" என்றார். சம்பந்தி அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நான் வேன்காரர்களிடம் இது தங்கும் விடுதி இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சாத்தும்போது அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மாள் சொன்னாள்: "ரூம் இல்லேன்னாலும் பரவால்ல ஆச்சி. தண்ணி எப்படி விழுதுன்னு நீங்க எழுதுறது ஒரு நாள்கூடத் தப்பல. நாலு நாளாப் பாத்துட்டுத்தான் கிளம்பி வந்தோம்." நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

இதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. நீ இரண்டு மாதம் முதல் பஸ் பிடித்து அலைந்தது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அது என்னிடம் இருந்தது, நான் கொடுக்கவில்லை. வந்தவர்கள் எழுதாமல் விட்டுப்போன சான்றிதழ் அது.

அதற்குப் பதிலாக அன்று பிற்பகல் தொலைபேசியில் உனக்கு வேறொன்றைக் கொடுத்தேன். "என் வீட்டை மண்டிச் சரக்கு மாதிரி தெருவில் குவித்துக் கூவி விற்கப் பார்த்தாயே. எத்தனை படித்தாலும் மண்டிக்காரி புத்தி போகுமா?" என்றேன்.  "எடுத்துருதேன்" என்றாய். ஐந்து நிமிடத்தில் பக்கத்தை எடுத்துவிட்டாய். படம், தினசரித் தண்ணீர்க் குறிப்பு, விசாரிப்புகள் எல்லாம் போயின. உன் வீட்டுக்காரர் அந்த மண்டியில் நின்று சம்பாதித்ததில்தான் உன் மகள் மருத்துவம் படித்தாள். எனக்கு அது தெரியாதா?

ஆவணியில் நீ கடைசியாக இந்த வீட்டுக்கு வந்தாய். வெள்ளிக்கிழமை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அருவிக்குப் போகிற வழியில் இறங்கினேன் என்றாய். அப்படிச் சாக்குச் சொல்ல வேண்டிய நிலைக்கு உன்னைக் கொண்டுவந்திருந்தேன். கையில் இந்தத் தாள். வாடிக்கையாளர் சம்மதப் படிவம். எடுத்து வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு செயல்திட்டத்தை எழுதி முடித்துவிட்டாயாம். உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் ஏற்க முடியாது என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்களாம். புரட்டாசி கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

"பக்கம்தான் இல்லியே. ஒரு கையெழுத்து மட்டும் போடுட்டி. போனது போவட்டும்."

உன்னை உட்காரச் சொல்லவில்லை. "வைத்துவிட்டுப் போ, படித்துப் பார்க்கிறேன்" என்றேன். நீ தாளை மேசையில் வைத்து, எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டு, முந்தானையால் துடைக்கப் பார்த்தாய். அது இன்னும் பரவியது. "மன்னிச்சுக்கோ" என்றாய். கறைக்குத்தான் சொன்னாய் என்று அன்று நினைத்தேன்.

புரட்டாசி முடிந்தது. நீ ஒரு தடவைகூட நினைவூட்டவில்லை. அடுத்த சீசனில் வேறு யாரையாவது வைத்துத் திரும்பச் செய்வாய் என்று கேள்விப்பட்டேன். தையில், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

உன் வீட்டு முற்றத்தில் உன் மகளிடம் நான் சொன்னேன்: "ஒரு தாளில் கையெழுத்து வாங்க வந்தாள். மறந்தே போய்விட்டேன்." அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா ஒண்ணும் வருத்தப்படல அத்தை. 'அவ எதையும் படிக்காமக் கையெழுத்துப் போட மாட்டா, நெதானமாப் படிச்சிக்கிட்டு இருப்பா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

பத்து மாதத்தில் நான் அதை ஒரு முறைகூடப் படிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இன்றுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஆங்கிலத்தில், நாம் இருவரும் கற்ற அதே சாய்வெழுத்தில் எழுதியிருக்கிறாய். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர், பின்னால் எம்.ஏ., பி.எட். இரண்டையும் விடாமல் போட்டிருக்கிறாய். உன் பெயருக்குப் பின்னால் பி.காம். போட இடமிருந்தும் போடவில்லை. இந்த வாடிக்கையாளரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கட்டத்துக்குள் மூன்று வரி: "எட்டு அறை உள்ள வீடு. ஒருவர் மட்டும் வசிக்கிறார். நன்றாகப் பேசக்கூடியவர். பேச்சுத் துணைக்கு ஆள் வர வேண்டும்."

நான் உனக்கு வாடிக்கையாளர் என்று நினைத்திருந்தேன்.

பேனாவை எடுத்தேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி போட ஒரு கோடு இருக்கிறது. எந்தத் தேதியைப் போடுவது? இன்றைய தேதி போட்டால் பயனில்லை, பழைய தேதி போட்டால் பொய். பேனாவை மூடி வைத்தேன். பிறகு உன் மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, மறக்கவில்லை, வேண்டுமென்றுதான் போடவில்லை என்றேன்.   "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்டாள்.

மாடி இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. எனக்கு அந்தப் பக்கமெல்லாம் நடத்தத் தெரியாது, இனி கற்கப்போவதும் இல்லை. ஒன்று மட்டும் விடாமல் செய்கிறேன். ஐந்தருவிப் பக்கமிருந்து காலையில் பூக்கொண்டு வருகிற பெண்ணிடம் தண்ணீர் எப்படி விழுகிறது என்று கேட்கிறேன். "நல்லா விழுது ஆச்சி" என்று அவள் பொதுவாகச் சொன்னால் விடுவதில்லை. எத்தனை கிளையில் என்று கேட்கிறேன். கேட்டதைக் காலண்டர் தாளில் அந்தந்த நாளுக்கு நேரே எழுதி வைக்கிறேன். படிக்க ஆள் யாரும் இல்லை.

இன்று நாலு. ஐந்தாவது கிளை இன்னும் வெறும் பாறைதான்.