ஐந்து கோடும் தெரிகிறது

குவார்ட்சைட், அரிசோனா
பிப்ரவரி 9

அன்பு மகள் மரீத்துக்கு,

நலம் என்று தொடங்குவது கடிதத்தின் மரபு. அந்தச் சொல்லை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். ஆங்கரேஜில் இம்முறை பனி கடுமை என்று செய்தியில் கேட்டேன். உன் காருக்குக் குளிர்கால டயர்களை மாற்றிவிட்டாயா? மாற்றவில்லை என்றால் இக்கடிதத்தை வைத்துவிட்டு முதலில் அதைச் செய்.

இதைக் கைபேசியில் எழுதாமல் தாளில் எழுதுவதற்குக் காரணங்கள் உண்டு. நாம் பரிமாறிக்கொள்ளும் செய்திகள் யாவும் உன் அம்மாவின் படுக்கையருகே இருக்கும் டேப்லெட்டிலும் வந்து விழுகின்றன. மேலும், இதில் உள்ளதைப் படித்த மறுகணம் நீ அழைப்பாய். அந்த மணியோசையை அவள் கேட்பாள். இக்கடிதத்தை ஊருக்குள் இருக்கும் தபால் நிலையத்தில் நானே நேரில் சேர்ப்பதாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுவண்டியில் குடியிருக்கும் வெர்னா ஸ்டூபக் தன் பிக்கப் டிரக்கில் அழைத்துப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி நடுவிலிருந்து நீ அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. இங்கே இணையம் சரியில்லை என்பதே காரணம் என்று நம்புகிறாய். நான் அனுப்பிய செய்திகளை எடுத்து மறுபடி படித்துப் பார். "இன்றும் காணொளி இயலாது" என்றுதான் எழுதியிருப்பேன். எதனால் இயலாது என்று எழுதியிருக்க மாட்டேன். நீ என்ன பொருள் கொள்வாய் என்பது தெரிந்தே எழுதினேன். சொல்லாமல் விடுவதும் ஒருவகைப் பொய்யே என்று ஜூரிகளின் முன் நானே பலமுறை வாதாடியிருக்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் எனக்கு எழுத வராது.

அக்டோபரில், பெமிட்ஜி வீட்டுச் சமையலறையில், குளிர்காலத்தைக் கழிக்க வீட்டுவண்டியில் தெற்கே போகிறோம் என்று நாங்கள் சொன்னதும் நீ விதித்த நிபந்தனை உனக்கு நினைவிருக்கும். "எங்க வேணா போங்க. ஆனா தினமும் சாயங்காலம் அம்மா முகத்த நான் பாக்கணும். அது முடியாதுன்னா வண்டிச் சாவிய எங்கிட்ட குடுங்க" என்றாய். அப்போது அவளால் நன்றாகப் பேச முடிந்தது. "கேட்டியா ஆர்விட்? பெத்த பொண்ணு எனக்கு ஜாமீன் நிபந்தனை போடுறா" என்று சிரித்தாள். தாடையிலிருந்த கட்டிக்கு இனி மருத்துவம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்த வாரம் அது. இருந்தும் நாம் மூவரும் அன்று இணையத்தைப் பற்றித்தான் பேசினோம்.

அந்த நிபந்தனையை நிறைவேற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. முகாம்களில் இலவசமாகத் தரும் வைஃபையை முதலிலேயே தள்ளிவிட்டேன். ஒரே குழாயில் ஊர் முழுதும் குடம் வைத்தால் என்ன வருமோ அதுதான் அதில் வரும். வானத்தைப் பார்த்து வைக்கும் செயற்கைக்கோள் டிஷ் நல்லது என்றார்கள். ஆனால் அது மரத்தடியில் வேலை செய்யாது; உன் அம்மாவோ நிழலில்லாத இடத்தில் வண்டியை நிறுத்த மாட்டாள். எஞ்சியது, செல்போன் கோபுரத்திலிருந்து இணையத்தை இழுத்துத் தரும் சிறு பெட்டி. ஒரு நிறுவனத்தை மட்டும் நம்புவது விவேகமன்று என்று கருதி, இரண்டு நிறுவனங்களின் சிம்களை வாங்கி அதில் பொருத்தினேன். ஒரு சாட்சி பிறழ்ந்தாலும் மற்றவர் நிற்பார் என்பது என் கணக்கு. ஒப்பந்தங்களின் அடிக்குறிப்புகள் வரை படித்துவிட்டுத்தான் கையொப்பமிட்டேன்.

வண்டியை அவள்தான் ஓட்டினாள். பள்ளிப் பேருந்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவளிடம் ஸ்டியரிங்கைக் கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை. ஃபிளாக்ஸ்டாஃபுக்குப் பிறகு ஒரு கையால் கன்னத்தில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு மறு கையால் ஓட்டினாள். இங்கே வந்ததும், அவளுக்குப் பிடித்துப்போன ஓர் அயர்ன்வுட் மரத்தடியில் நிறுத்தி, சாவியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டாள். பிறகு அதை எடுக்கவில்லை.

டிசம்பர் முழுவதும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மாலையில் அவள் கன்னம் மறையத் தலைக்குட்டை கட்டி, இடப்பக்கம் நிழலில் இருக்கும்படி உட்காருவாள். நீ அதைக் கவனித்தாயா என்று எனக்குத் தெரியாது.

ஜனவரியில் கூட்டம் வந்தது. ஆண்டுதோறும் நடக்கும் பெரிய சந்தைக்காக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வீட்டுவண்டிகள் வந்து இறங்கின. அன்று முதல் எங்கள் பெட்டியில் சிக்னலைக் காட்டும் ஐந்து கோடுகளும் முழுதாகத் தெரிந்தன. நள்ளிரவில் எப்போதாவது என் எழுத்துச் செய்தி ஒன்று நழுவிப் போனதைத் தவிர, எதுவும் வரவுமில்லை, போகவுமில்லை. சிம்மை மாற்றினேன். அதிலும் ஐந்து கோடு, அதே மௌனம். பெட்டியைக் கூரைமேல் வைத்துப் பார்த்தேன், ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். ஏணியில் நின்றுகொண்டிருந்த என்னை வெர்னா தன் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நெப்ராஸ்காப் பண்ணையில் பிறந்து, நாடு முழுக்க லாரி ஓட்டியவள்.

"யோவ் வக்கீலே, அங்க என்ன, சாமிக்குப் படையலா வைக்கிற?" என்று கேட்டாள். இரண்டு நிறுவனங்களின் இணைப்பு இருந்தும் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுபோனதை விளக்கினேன். நிறுவனங்களின் பெயரைக் கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் அவளுடைய நாய் எழுந்து குரைத்தது. இரண்டாவது நிறுவனத்துக்குச் சொந்தமாகக் கோபுரமே கிடையாதாம். முதல் நிறுவனத்தின் கோபுரத்தையே வாடகைக்கு எடுத்து வேறு பெயரில் விற்கிறதாம். "ரெண்டு கடைல பால் வாங்கினா ஆச்சா? மாடு ஒண்ணுதானய்யா!" என்றாள்.

என் இரு சாட்சிகளும் ஒரே ஆளிடம் கேட்டதைத்தான் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். நெரிசலின்போது வேகம் குறைக்கப்படலாம் என்ற விதியையும் நான் ஒப்பந்தத்தில் படித்திருந்தேன். பாலைவனத்தில் என்ன நெரிசல் என்று கடந்துபோனேன். "கோடு எத்தனன்னு பாக்காத. கோபுரம் உன்னப் பாக்குதுன்னுதான் அது சொல்லும். உனக்குப் பதில் சொல்லுமான்னு சொல்லாது" என்றாள் வெர்னா.

அடுத்ததை எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். எழுதாவிட்டால் இக்கடிதத்தால் பயனில்லை. இதை உன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை என்பதை முன்கூட்டியே பதிவு செய்கிறேன்.

நீ கடைசியாக அழைத்த அன்று, பேச்சின் நடுவே படம் உறைந்து நின்றது. உன் திரையில் நின்ற அந்தப் படத்தை நீ அப்படியே பிடித்து, "பாருங்க உங்க நெட்டு லட்சணத்த!" என்று எழுதி விளையாட்டாக அனுப்பினாய். அப்போது அது வந்து சேரவில்லை. கூட்டம் கலையத் தொடங்கிய பிறகு, தேங்கிக் கிடந்த செய்திகள் எல்லாம் ஒரு காலையில் மொத்தமாக வந்து இறங்கின. டேப்லெட் உன் அம்மாவின் மடியில் இருந்தது.

தலைக்குட்டை நழுவி, வாய் ஒரு பக்கம் இழுத்து, இடக்கண் பாதி மூடிய நிலையில் அந்தப் படம் நின்றிருந்தது. நீ நெட்டைத்தான் பார்த்தாய். கலங்கிய கட்டங்களுக்கிடையில் வேறெதுவும் உனக்குத் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது. குளியலறைக் கண்ணாடியின் மேல் அவளே துண்டைத் தொங்கவிட்டுப் பல வாரங்கள் ஆகியிருந்தன. படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காப்பி ஆறிப்போய்விட்டது என்றாள்.

இது எதுவும் எனக்கு அன்று விளங்கவில்லை. நான் நெட்டைச் சரிசெய்வதில் முனைப்பாக இருந்தேன். செய்திகள் வந்தாலும் காணொளி இன்னும் தடுமாறியதால், வெர்னாவின் யோசனைப்படி டிஷ் ஒன்றை வரவழைத்தேன். மரத்தை விட்டு வண்டியை நகர்த்தத் தேவையில்லை. நீளமான கேபிளைக் கொண்டு டிஷ்ஷை மட்டும் வெட்டவெளியில் வைத்தால் போதும் என்று அவள் காட்டிக்கொடுத்தாள். காற்றில் கவிழாமலிருக்கக் கற்களை அடுக்கினோம். படம் ஓடையில் நீர் போலத் தெளிவாக வந்தது. நான் உள்ளே ஓடி, "இன்று மாலையே மரீத்தைப் பார்க்கலாம், உன் முகம் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும்" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். மரீத், அந்தச் சொற்களைத்தான் சொன்னேன்.

அவள் பேச்சு இப்போது குழறுகிறது. நீதிமன்றச் சுருக்கெழுத்தர் செய்வதுபோல நேராக்கி எழுதுகிறேன். "அஞ்சு கோடு காட்டி ஏமாத்துச்சே அந்த டவர், அது எவ்வளவோ தேவல. இதக் கழட்டு" என்றாள். முடியாது என்றேன். "அப்ப நெட்டு இன்னும் சரியாகலன்னு சொல்லு" என்றாள். பொய் சொல்ல மாட்டேன் என்றேன். தலையணைக்கடியிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தாள். "இந்தா ஃபீஸ். இனிமே நான் உன் கட்சிக்காரி. நான் சொன்னத வெளிய விட்டா உன் லைசென்ஸ் போயிடும்" என்றாள். ஓய்வு பெற்றபோதே அதை ஒப்படைத்துவிட்டேன் என்று நினைவூட்டினேன். "அப்படின்னா புருஷனா வாய மூடிக்கிட்டு இரு" என்றாள்.

அவளிடமிருந்து உனக்கு இப்போதும் வரும் வேடிக்கைச் செய்திகள் எல்லாம் அவளே தட்டுபவை. பாலைவன எலி என் காலுறையைக் கொண்டுபோன கதையை அனுப்பிவிட்டு, உன் பதிலுக்காகக் காத்திருந்து, அதை எனக்கும் காட்டினாள். அவ்வளவுக்கு அவள் உன்னோடு இருக்க விரும்புகிறாள். பார்க்கப்படத்தான் விரும்பவில்லை.

வெர்னாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. டிஷ் வெளியே நிற்கிறது, மாலையில் உள்ளே ஒரு குரலும் கேட்பதில்லை. புரிந்துகொள்ள அவளுக்கு அது போதும். நேற்று, "வக்கீலே, டவர் மேல பழியப் போட்டு எத்தன நாளு ஓட்டுவ? அது வாயில்லா ஜீவன்" என்றாள்.

வாரம் இருமுறை வரும் செவிலியர் மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார். காட்டரிசிச் சூப்பை அரைத்து வடிகட்டித் தந்தேன். முந்தாநாளிலிருந்து அதுவும் வேண்டாம் என்கிறாள். செவிலியர் புறப்படும்போது, நான் எதையும் கேளாமலே, "உங்க பொண்ணு அலாஸ்காவுல இருக்காங்கன்னீங்களே, எப்ப வராங்க?" என்று கேட்டார். உயில் எழுதிவைக்கும் கட்சிக்காரர்களிடம் நானும் அதே தொனியில் கேள்விகள் கேட்டதுண்டு. அந்தத் தொனிக்கு என்ன பொருள் என்பதை நான் அறிவேன்.

கட்சிக்காரரின் இரகசியத்தை வழக்கறிஞர் காக்க வேண்டும். பிறருடைய உடலுக்குப் பெருந்தீங்கு நேரும் நிலையில் மட்டும் விலக்கு உண்டு. உனக்கு நேரவிருக்கும் தீங்கு உடலைச் சார்ந்ததன்று. எந்த நீதிபதியும் என் வாதத்தை ஏற்க மாட்டார். என் தொழில் வாழ்வில் ஒருவரின் இரகசியத்தையும் நான் வெளியிட்டதில்லை. முதன்முதலாக உன் அம்மாவினுடையதை வெளியிடுகிறேன். அவள் என்னை மன்னிக்காமல் போகக்கூடும். மன்னிக்க அவளுக்குப் போதிய காலமும் இல்லை.

ஆகவே வா. முன்கூட்டிச் செய்தி அனுப்பாதே. ஃபீனிக்ஸில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து மேற்கே வா. குவார்ட்சைட்டில் யூமா போகும் சாலையில் தெற்கே திரும்பு. பெரிய முகாமைக் கடந்ததும் இடப்பக்கம் மண் பாதை பிரியும். பாதை முடியும் இடத்தில் அந்த ஒரு மரம்தான் நிற்கிறது.

காரை விட்டு இறங்குமுன் இதை மறுபடி படி. இடக் கன்னம் கண்வரை வீங்கியிருக்கிறது. தோல் பளபளவென்று கருஞ்சிவப்பாக இருக்கும். அந்தக் கண் திறப்பதில்லை. வாயோரம் கசிவதைத் துடைக்க அவள் கையில் எப்போதும் ஒரு துணி உண்டு. வாடை உண்டு. முடி முன்போலவே இருக்கிறது, நான்தான் வாரிவிடுகிறேன். வலக்கண் உனக்குத் தெரிந்த அதே கண்தான். அழ வேண்டியதைக் காரிலேயே அழுதுவிடு. வண்டிக்குள் நுழைந்ததும் அவள் உன் முகத்தைத்தான் பார்ப்பாள். தன் முகம் எப்படி இருக்கிறது என்பதை அதில்தான் தெரிந்துகொள்வாள்.

கடைசியாக ஒன்று. வண்டிகளில் வாழும் இந்த மக்களிடம் ஒரு நாகரிகம் உண்டு. ஜன்னல் திரை இறங்கியிருந்தால் ஒருவரும் கதவைத் தட்டுவதில்லை. உள்ளிருப்பவர் தனிமையை விரும்புகிறார் என்று விலகிப் போய்விடுவார்கள். எங்கள் திரை இப்போது பகலிலும் இறங்கியே இருக்கிறது. நீ தட்டு. யாரென்று அவள் கேட்டால் பெயரைச் சொல். போகச் சொன்னாலும் தட்டு. நான் எழுந்து வந்து திறப்பேன். அதற்கு அவளிடம் அனுமதி கேட்க மாட்டேன்.

வழியில் உனக்கு ஒரு குறையும் வராதிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன் அப்பா
ஆர்விட் ஹால்டோர்சன்