பேராவது பர்மனென்டா

29 மே 2018, செவ்வாய்

கத்திரி நேற்றோடு முடிந்ததாம். காலண்டரில் முடிந்திருக்கலாம். காலையிலேயே வாசல் சிமென்டில் வெறுங்காலை வைக்க முடியவில்லை.

மாலை எங்கள் டவுன்ஷிப் சங்கக் கூட்டம், செயலாளர் ராமநாதன் குவார்ட்டர்ஸில். (இனி செ. என்றே எழுதுகிறேன். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.) வாழைக்காய் பஜ்ஜி நன்றாக இருந்தது. வேறு எதுவும் நன்றாக இல்லை.

ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம். மறுபடியும் பூங்கா ரோட்டில் மரம் நடுவிழா. போன வருஷமும் அதே ரோடு, அதே தேதி, அதே ஷாமியானா. நம் பக்கத்துக்கு மழை ஐப்பசியில்தான். இது தெரியாதவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. ஜூனில் வைத்தால் கருகும், போன வருஷம் கருகியது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற டவுன்ஷிப்பில் இருந்து இருந்து, செடிக்கும் அப்படியே வந்துவிடும் என்று நினைப்பு. நிதியைப் பத்திரமாக வைத்து ஐப்பசியில் நடலாமே என்றேன். ஐப்பசியில் எந்தத் தினமும் இல்லையே மேடம் என்றார் செ. எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன், அதுதான் இப்போது எரிகிறது.

அடுத்தது அதைவிட மோசம். புதுக் கூண்டு வாங்க வேண்டாமாம், போன வருஷத்துக் கூண்டுகளில் பெயரை மட்டும் மாற்றி எழுதினால் போதுமாம்.

அந்தக் கூண்டுகளுக்கு வசூல் செய்தது நான். இறந்துபோன அம்மா, அப்பா, வீட்டுக்காரர் நினைவாக ஒரு செடி, சுற்றி ஒரு இரும்புக் கூண்டு, அதில் பச்சைத் தகடு, வெள்ளை எழுத்தில் பெயர். பிளாக் பிளாக்காக வெயிலில் நடந்து, உங்கள் அம்மா பேரில் ஒரு மரம் நிற்கும் என்று சொன்னது என் வாய். செடிதான் செத்தது. பெயரையும் அழித்தால் அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டேன்.

"அது பழைய பேட்ச் மேடம். இது புது பேட்ச்."

அம்மாக்களில் பேட்ச்.

வீட்டுக்கு வந்து இவரிடம் கத்தினேன். நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "விட்டுட்டு வெளிய வா, சரளா. உனக்கு என்ன, சம்பளமா தர்றாங்க?" என்றார். சாப்பாட்டு டப்பாவில் ஊறுகாய் வைக்க மறந்தேன். வேண்டுமென்றே இல்லை.

31 மே, வியாழன்

காற்று இல்லை. பூங்கா ரோட்டைப் போய்ப் பார்த்தேன். கூண்டுகள் வரிசையாக. உள்ளே:
காய்ந்த குச்சி.
குச்சிகூட இல்லை.
சிப்ஸ் கவர், டீ கப்.
யாரோ போட்ட செருப்பு, ஒற்றை.

கடைசிக் கூண்டில் மட்டும் புங்கை. என் தோளுக்கு வந்துவிட்டது. இலை அப்படிப் பளபளப்பு. தகட்டில்: "திரு. மு. ஏழுமலை அவர்களின் நினைவாக".

ஏழுமலை கலைச்செல்வியின் வீட்டுக்காரர். கலைச்செல்வி எங்கள் பிளாக்கைப் பெருக்குபவள், பக்கத்து ஊர் வடக்குத்திலிருந்து சைக்கிளில் வருவாள், கான்ட்ராக்ட் வேலை. அவரும் கான்ட்ராக்ட்தான். பர்மனென்ட் ஆகிவிடும் என்று இருபது வயதிலிருந்து நம்பிக்கொண்டிருந்த மனுஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். போன வருஷம் நான் வசூலுக்குப் போன பிளாக்கில் அவள் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை. அவளே கூப்பிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "கடைசி வரிக்கும் கான்ட்ராக்டாவே பூட்டாருக்கா. பேராவது பர்மனென்டா இருக்கட்டும்."

தகடு வந்த அன்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, திருவெல்லாம் போட்டுகிறாங்களே என்று அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரை யாரும் திரு போட்டுக் கூப்பிட்டதில்லையாம்.

அன்றிலிருந்து வேலை முடிந்து போகும்போது பூங்காக் குழாயில் குடம் பிடித்து ஊற்றுகிறாள். இவ்வளவுதான் ரகசியம். ஒரு வருஷம் குடம் தூக்கினால் புங்கை வளரும். சங்கத்தில் எத்தனை கைகள். ஒன்றுகூட ஒரு குடம் தூக்கவில்லை. என்னுடையதும் சேர்த்துத்தான்.

1 ஜூன், வெள்ளி

கியாஸ் சிலிண்டர் வந்தது. சங்க வாட்ஸ்அப்பில் காலையிலிருந்து வணக்கம், ரோஜாப் பூ, பூமி உருண்டை அழுகிற படம். நடுவில் செ. போட்ட செய்தி: சிறப்பு விருந்தினர் மந்தாரக்குப்பம் ஹார்டுவேர்ஸ் கடை முதலாளி திரு. ச. ஜெயபாலன் தம்பதி சமேதராக. இந்த வருஷம் பெரிய நன்கொடை அவருடையது. டீ-சர்ட், மேடை, பொன்னாடை எல்லாம் அவர் உபயம்.

அதற்குக் கீழே: "விருந்தினருக்குக் கடைசிக் கூண்டு. செடி நன்றாக உள்ளது, போட்டோவுக்கு நன்றாக வரும்."

நான்கைந்து பேர் கை கூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள். ஒருத்தர் சூப்பர்.

போன் செய்தேன். அது கலைச்செல்வி வளர்த்த மரம் சார் என்றேன். செ.வின் குரலில் ஒரு சுளிப்பும் இல்லை. பேங்க் மேனேஜர் மாதிரி பேசினார். ஜெயபாலன் செத்த குச்சி பக்கத்தில் நின்றால் அடுத்த வருஷம் கை நீட்ட முடியாதாம். பெரிய காரியத்துக்குச் சின்ன அட்ஜஸ்ட்மென்டாம்.

"அந்தம்மா கான்ட்ராக்ட்தானே மேடம். ஓரமா வேற செடி ஒண்ணு வெச்சுக் கொடுத்துடலாம்."

போனை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கினேன். தேவைக்கு மேல்.

2 ஜூன், சனி

அவளிடம் யார் சொல்வது? நான்தான் சொல்ல வேண்டும். காலையில் துடைப்பத்தோடு எங்கள் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டுச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்து டீ போட்டு வைத்திருந்தேன். அழவில்லை. டீயையும் தொடவில்லை.

"தண்ணி ஊத்திகினு வந்தது நானு. நாளைக்கு நிறுத்திட்டா அது யாரு பேருல சாவும், சொல்லுங்க?"

அவள் என்னையும் அந்தக் கூட்டத்தோடுதான் சேர்த்திருக்கிறாள். சரிதான். ரசீது கொடுத்த கை என்னுடையது.

மாலை மூன்று வீடு வசூல். ஒரு வீட்டில் போன வருஷம் எங்க மாமியார் பேர்ல வெச்சீங்களே, எவ்ளோ உயரம் இருக்கு என்று கேட்டார்கள். வளர்ந்திருக்கு என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இனி வசூலுக்குப் போக மாட்டேன்.

3 ஜூன், ஞாயிறு

அனல். கலைச்செல்வி நிறுத்தியே விட்டாள். புங்கையின் அடி மண் வெடித்திருக்கிறது. நுனி இலைகள் தொங்கிவிட்டன. இரண்டு நாளைக்கே இப்படி.

செத்துப் போகட்டும், ஜெயபாலன் காய்ந்த குச்சியோடு போட்டோ எடுத்துக்கொள்ளட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் பூங்காக் குழாய்க்குப் போனேன். குடம் கொண்டு போகவில்லை, ஒரு பெயின்ட் டப்பா கிடந்தது. அதில் பிடித்துப் பிடித்து ஊற்றினேன். புடவையெல்லாம் சேறு. செடி என்ன தப்பு செய்தது? நடைப்பயிற்சி போன சங்கத்து ஆள் ஒருவர் வெரி குட் மேடம் என்று கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனார். அந்த விரலை ஒடித்திருக்கலாம்.

4 ஜூன், திங்கள்

டீ-சர்ட் வந்தது. முதுகில் "மரம் என் உறவு". சைஸ் பெரிசு.

கூண்டுகள் தயாரா என்று பார்த்து வரச் சொல்லி செ. என்னைத்தான் அனுப்பினார். பெயின்டர் சேகர், மந்தாரக்குப்பத்துக்காரர், கடைசித் தகட்டை முடித்துவிட்டு பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். நல்ல எழுத்து. மு. ஏழுமலை இருந்த இடத்தில் மட்டும் பச்சை பூசி, அதன் மேல் புதுப் பெயர். முன்னால் இருந்த திரு-வும் பின்னால் இருந்ததும் அப்படியே.

"திரு. ச. ஜெயபாலன் அவர்களின் நினைவாக".

ஒரு தரம் படித்தேன். இன்னொரு தரம் படித்தேன். உயிரோடு இருக்கிற மனுஷன், நாளைக்குக் காலையில் மனைவியோடு வந்து நிற்கப் போகிறவர்.

சேகரிடம் என்ன எழுதச் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"பேரு மட்டும் மாத்துன்னாரு மேடம். கூலியும் பேருக்கு மட்டுந்தானாம். ஏதாச்சும் தப்புங்களா?"

சொன்னதைத்தானே செய்திருக்கிறீர்கள், தப்பில்லை என்றேன். தகட்டுக்கு மஞ்சள் துணி போட்டு மூடினோம். செ.வுக்கு மெசேஜ்: "எல்லாம் தயார்." அவர் கட்டை விரல் போட்டார்.

சாயங்காலம் முழுக்க மனசு லேசாக இருந்தது. ரசம் அமோகமாக வந்தது. இவர் இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டார். என்ன விசேஷம் என்றார். ஒன்றுமில்லை, நாளைக்கு விழா என்றேன்.

5 ஜூன், செவ்வாய்

எழுத உட்கார்ந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன்.

கலைச்செல்விக்கு அங்கேதான் டூட்டி போட்டிருந்தார்கள், ஷாமியானாவைச் சுற்றிப் பெருக்க. அவள் என்னைப் பார்க்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் பாட்டு, வரவேற்புரை, பொன்னாடை, பொன்னாடை, பொன்னாடை. மரத்தைப் பற்றி ஒவ்வொருவரும் மரம் வளர்கிற நேரம் பேசினார்கள். வெயிலில் நின்ற புதுச் செடிகள் அப்போதே வாடிவிட்டன.

அப்புறம் எல்லோரும் கடைசிக் கூண்டுக்கு. ஜெயபாலன் துணியை இழுத்தார். கை தட்டல். முன்வரிசையில் பட்டென்று நின்றது. பின்வரிசைக்கு விஷயம் தெரியாமல் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை சத்தமாகவே படித்துவிட்டது.

ஜெயபாலன் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நான் இன்னும் சாவலிங்களே" என்றார், யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

அவர் மனைவி முகம் வெளுத்துத் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா எனக்கு என்ன செய்தார்? ஒன்றுமில்லை. நினைத்து இப்போதும் சங்கடமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் மறுபடி இதே தகட்டைப் பார்த்தால் மறுபடி இதே துணியைப் போட்டு மூடுவேன்.

அவர்கள் கார் ஏறிப் போனதும் செ. சேகரைப் பிடித்துக்கொண்டார். குடிச்சிட்டு எழுதினியா, கூலி கிடையாது போ, என்று ஊர் பார்க்க. சேகர் பேரு மட்டும்னு சொன்னீங்களே சார் என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அவரை விடுங்க. நான் நேத்தே பார்த்தேன். பார்த்துட்டுத்தான் மூடினேன்."

செ. ஏன் மேடம் என்றார். ஏழுமலை என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அந்தப் பெயர் யாருடையது என்றே தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. முகத்தில் தெரிந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கலைச்செல்வி துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். ரோஜாப் பூத் தொல்லை விட்டது.

6 ஜூன், புதன்

மேகம் மாதிரி ஏதோ. பெய்யாது.

காலையில் கலைச்செல்வி கேட்டைத் தட்டினாள். மூச்சிரைக்க. கடைசிக் கூண்டைக் கழற்றிப் போட்டுவிட்டார்களாம். அபசகுனம் பிடித்த செடி, பிடுங்கி எறி என்று செ. ஆள் அனுப்பியிருக்கிறார். வந்த ஆள் கூண்டைக் கழற்றினார், செடியில் கை வைக்க இவள் விடவில்லை.

"என் மேல கைய வெச்சிட்டு அப்புறம் அது மேல வையின்னேன். பூட்டான்."

இப்போது மாடுதான் பயம். பூங்கா ரோட்டில் எப்போதும் நாலு மாடு திரியும், கூண்டில்லாத புங்கையை ஒரே வாயில் முடித்துவிடும். நான் நிக்கிறேன், நீ தகட்ட தேடுக்கா என்று போய்விட்டாள். மறுபடியும் அக்கா என்று கூப்பிட்டாள்.

கூண்டும் தகடும் பூங்காவுக்குப் பின்னால் குப்பையோடு கிடந்தன. கூண்டை அங்கேயே விட்டுத் தகட்டை மட்டும் கொண்டு வந்தேன். சேகருக்குப் போன் செய்தேன். கூலி கிடைக்காத மனுஷன், திட்டுவார் என்று பார்த்தால் பாட்டிலில் பெயின்டைக் கரைக்கிற தின்னர் கொண்டுவந்து கொடுத்தார். மேலே உள்ளது புதுசு, சீக்கிரம் வந்துவிடும், அடியில் உள்ளது ஒரு வருஷம் இறுகிய பெயின்ட், நிற்கும். ஆனால் அழுத்தித் தேய்க்காதீர்கள், கோபத்தில் தேய்த்தால் பழசும் போய்விடும் என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

கோபம் இல்லாமல் தேய்ப்பது எவ்வளவு கஷ்டம். முதலில் ஜெயபாலன் கரைந்தார். பிறகு பச்சை. அடியில் "மலை" தெரிந்தது. துணி போதவில்லை. அலமாரியைத் திறந்து "மரம் என் உறவு" டீ-சர்ட்டை எடுத்துக் கிழித்தேன். நல்ல பருத்தி, நன்றாகத் துடைக்கிறது. இவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு துண்டைத் தின்னரில் நனைத்தார்.

"ழு" கொஞ்சம் மங்கல். மற்றபடி முழுசாக வந்துவிட்டார். திரு. மு. ஏழுமலை அவர்களின் நினைவாக. இப்போது எந்த வார்த்தையும் தப்பில்லை.

ஸ்பேனர் எடுத்தாயிற்று. கூண்டைத் தூக்க இவரும் வருகிறார். அவள் காலையிலிருந்து அங்கே தனியாக நின்று மாடு விரட்டிக்கொண்டிருக்கிறாள், நான் உட்கார்ந்து டைரி எழுதிக்கொண்டு. போதும், கிளம்புகிறேன்.