எஞ்சின் ஓடும்போது வந்த போன்

ஓக்லஹோமா
மழை விட்ட செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் டார்லீனுக்கு உன் சித்தப்பா டெல்மர் எழுதுவது. இங்கே கர்த்தர் கிருபையில் நானும் உன் சித்தி வெர்னாவும் நன்றாக இருக்கிறோம், நாயும் சுகம், சித்தியின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடுகிறது. அலாஸ்காக் கடலில் நீ எப்படி இருக்கிறாய், கால்விரல்கள் எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துவிட்டு எழுது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் விட்டுவிட்டது உனக்குத் தெரியும்.

முதல் சேதி, உன் அப்பா விட்டுப்போன ஷெவல் காருக்கு எஞ்சின் கட்டி முடித்துவிட்டேன். ராய்ஸ் அண்ணன் இருந்திருந்தால் தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டிருப்பார். நீ போகும்போது வெறும் கூடுதானே நின்றது, அதற்குள் இப்போது பிக் பிளாக் என்கிற எட்டு சிலிண்டர் பூதம் உட்கார்ந்திருக்கிறது, அதன் தலைமேல் காற்றை அமுக்கி உள்ளே ஊதுகிற சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கிறது. கையில் காசில்லாதவன் கட்டின எஞ்சின் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். பிளாக், பக்கத்து வீட்டு ஹோலிஸின் மாட்டு லாரியில் இருந்தது, வெள்ளத்தில் முங்கின லாரி, உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒற்றை ஆளாக எஞ்சினைத் தூக்கினேன், பெக்கான் மரக்கிளையில் சங்கிலி போட்டிருந்தேன் என்பதும் கிளை முறிந்தது என்பதும் வேறு கதை. பிஸ்டனுக்கு விலையாக, ஃப்ரீஸர் நிறைய இருந்த மான்கறியைக் கொடுத்தேன். சூப்பர்சார்ஜர் டல்சா பழைய இரும்புக் கடையில் செத்துக்கிடந்த டவுன் பஸ்ஸில் இருந்தது, கடைக்காரருக்கு டிரெயிலர் கதவை வெல்டு அடித்துக் கொடுத்துவிட்டுக் கழற்றி வந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஹோலிஸ், "ஏன்டா டெல்மர், பஸ்ஸோட மூச்சைப் புடிச்சு என் மாட்டு லாரி எஞ்சினுக்கு ஊதப்போறியா, அது ஓடுனா ஸ்டாப்பு ஸ்டாப்பா நிக்குமேடா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். வால்வு மூடிகளுக்கு ஆரஞ்சு பெயின்ட் அடித்துச் சித்தியின் அடுப்பில் வைத்துக் காயவைத்தேன், அது ஒன்றுதான் கொஞ்சம் தப்பாகிவிட்டது, அந்த வாரம் சர்ச் விருந்துக்கு அவள் சுட்ட பிஸ்கட்டைக் கடித்த போதகர், "வெர்னாம்மா, இது என்ன புது ருசி?" என்று கேட்டுவிட்டார். சித்தி என்னோடு மூன்று நாள் பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது, வேலை வேகமாக நடந்தது.

அந்த எஞ்சினில் கடையில் வாங்கின புதுச் சாமான் என்றால் முதல் சம்பளத்தில் நீ வாங்கித் தபாலில் அனுப்பின கேம்ஷாஃப்ட், நாம் கேம் கேம் என்கிறோமே, அது ஒன்றுதான். அந்தத் தண்டை மேஜைமேல் வைத்து, சாப்பிடும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். வால்வுகளைத் திறந்து மூட வேண்டியது அதுதானே, மற்றதெல்லாம் குப்பையில் பொறுக்கினதாக இருந்தாலும் அது தங்கம் என்று ஹோலிஸிடம் சொல்லிவைத்தேன். சீட்டை முன்னும் பின்னும் தள்ளுகிற தண்டவாளத்துக்கு எங்கே போவது, அதனால் உன் கால் நீளத்துக்கு அளந்து நேராகத் தரையில் போல்ட் போட்டுவிட்டேன். என் வயிறு அதற்குள் போகாது. ஹோலிஸ் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடுகிறது. நீ மட்டும்தான் உட்காரலாம்.

போன ஞாயிறு சர்ச் முடிந்ததும் ஸ்டார்ட் செய்தோம். புதுக் கேம் போட்டால் முதல் தடவை இருபது நிமிஷம் வேகத்தைக் குறைக்காமல் ஓட்ட வேண்டும், நடுவில் மெதுவாக விட்டால் எண்ணெய் சரியாக ஏறாமல் கேம் தேய்ந்துபோகும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பானெட் பக்கம் நின்று ஆக்சிலேட்டர் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டேன், எதிர்ப்பக்கம் ஹோலிஸ் ரேடியேட்டருக்கு ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். ஒரே திருப்பில் பிடித்தது மகளே! பெக்கான் காய் மொத்தமும் உதிர்ந்தது, நாய் குளத்தில் குதித்தது, நாலு மைலுக்கு அந்தப்பக்கம் ஷெரிஃப் தொப்பியைப் பிடித்துக்கொண்டாராம். பாதி நேரம் ஓடியிருக்கும், பின்வாசலில் சித்தி துண்டை வீசிக்கொண்டு நிற்கிறாள். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அவள் வாய் உன் பெயரைச் சொன்னது எனக்குத் தெரிந்தது. நீ எப்போதும் சாயங்காலம்தானே கூப்பிடுவாய். ஹோலிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விட்றாத டெல்மர்! விட்டா கேம் போச்சுடா! பொண்ணு அப்பறமா பேசும்டா!" என்று கத்தினான். நான் விட்டுவிட்டேன். இந்த வயதில் வேலியைத் தாண்டி ஓடினேன், சித்தியைக் கேட்டுப்பார், மான் கூட அப்படித் தாண்டாது.

போனை எடுத்தால் கொய்ங் என்ற சத்தம்தான். உன் பின்னால் போனுக்கு வரிசையில் நிறையப் பேர் நின்றார்கள், நேரம் முடிந்துவிட்டது என்று சித்தி சொன்னாள். அப்புறமும் கொஞ்ச நேரம் ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டே நின்றேன், ஏன் என்று தெரியவில்லை. வெளியே எஞ்சின் ஆளில்லாமல் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ஹோலிஸ் ஹோஸ் பைப்பைப் போட்டுவிட்டுச் சுற்றி வருவதற்குள் டிக் டிக் என்று சத்தம் வந்துவிட்டது. கேம் ஓரிடத்தில் தேய்ந்துவிட்டது, இப்போது எட்டு சிலிண்டரில் ஏழுதான் ஒழுங்காக வேலை செய்கிறது. ஹோலிஸ் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "இரும்புதானடா, விடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னது சரி, கேமுக்காக நான் வருத்தப்படவில்லை. உன் குரலைக் கேட்காமல் போனதுதான். சளி பிடித்த குரல் என்று சித்தி சொல்கிறாள், அது கூட எனக்குக் கிடைக்கவில்லை.

குளிர்கால நண்டு சீசனுக்கும் எஞ்சின் ரூமில் இருக்கச் சொல்லிக் கேப்டன் கேட்கிறார், இந்த மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், "சித்தப்பா வேண்டாம்னு சொன்னா வந்துடுறேன்" என்று நீ போனில் சித்தியிடம் சொன்னாயாமே. அதைக் கேட்டதிலிருந்து பதிலை நாயிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு நீ வந்துவிடுவாய் என்று வான்கோழி கூடப் பார்த்து வைத்துவிட்டேன், பெரிது, கன்றுக்குட்டி அளவு. உன் அறையில் சித்தி தினமும் ஜன்னலைத் திறந்து மூடுகிறாள். வா என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். ஆனால் ஒரு கேப்டன் கூப்பிட்டு இருக்கச் சொல்கிறார் என்றால் நம் வீட்டுப் பெண்ணின் கை வேலை செய்கிற கை என்றுதானே அர்த்தம். ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், கப்பலையே நீதான் ஓட்டுகிறாய் என்று. இரு மகளே. சீசனை முடித்துவிட்டு வா. எஞ்சினும் உனக்காக அவசரப்படவில்லை, சூப்பர்சார்ஜரைக் கழற்றி, எல்லாவற்றையும் பிரித்து, கழுவிப் பூட்ட எனக்கு வசந்தம் வரை வேலை இருக்கிறது. புதுக் கேம் நீ வாங்கி அனுப்பாதே, என் மீன்பிடிப் படகைக் கேட்டு ஒருவன் நடையாய் நடக்கிறான், அதைக் கொடுத்துக் கேம் வாங்கிக்கொள்வேன், எப்படியும் நான் பிடித்த மீன்களெல்லாம் பேச்சில்தான் இருக்கின்றன என்று சித்தி சொல்கிறாள்.

உலர்ந்த சாக்ஸ் போட்டுக்கொள், சுற்றுகிற எதன் பக்கம் போனாலும் முடியை இழுத்துக் கட்டு, சளிக்கு மருந்து சாப்பிடு. கர்த்தர் உன்னைக் கடலிலும் கரையிலும் காப்பார், அவர் அசந்த நேரத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், நீ வரும்வரை அந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய மாட்டேன். அந்த இருபது நிமிஷமும் ஆக்சிலேட்டரை நீதான் பிடிக்கிறாய், நான் ஹோஸ் பைப் பிடித்துக்கொள்கிறேன். அப்போது வீட்டில் போன் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கட்டும். ஓடிப்போய் எடுக்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
சித்தப்பா டெல்மர்