சுவரில்லாத தண்ணீர்

பழங்காநத்தம், மதுரை
12.8.1986

அன்புள்ளவருக்கு ரங்கநாயகி எழுதுவது.

இங்கு என் முழங்கால்களைத் தவிர அனைத்தும் நலம். கல்லூரி வேலை முடிந்ததிலிருந்து உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக இவ்வளவு அலைந்தும் உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. சர்க்கரை எட்டிப் பார்க்கிறதாம். காலமெல்லாம் விலங்கியல் கற்பித்தவளிடம், ‘கொஞ்சம் நடங்கம்மா’ என்கிறார் டாக்டர்.

நான் கொஞ்சத்தோடு நிறுத்துவதாக இல்லை. தை மாதம் இங்கே ஒரு விளையாட்டுக் கழகத்தார் புது மாதிரிப் போட்டி ஒன்றை நடத்துகிறார்கள். கண்மாயை நீந்திக் கடந்து, கரையேறிச் சைக்கிள் மிதித்து, இறங்கி ஓட வேண்டும். டிரையத்லான் என்று பெயராம். பெண்களும் கலந்துகொள்ளலாம். வயது வரம்பு இல்லை, போட மறந்திருப்பார்கள். அவர்களுக்கு நினைவு வருமுன் பெயர் கொடுத்துவிட்டேன். சைக்கிள் ஓட்டுவேன், ஓட்டம் பழகிக்கொள்வேன். நீச்சல்தான் தெரியாது.

ரங்கநாயகி

*

மாட்டுங்கா, பம்பாய்
25.8.1986

அன்புள்ள ரங்காவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை ராதாகிருஷ்ணன் உரக்கப் படித்தான். மருமகள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

நான் நம் மகன் வீட்டுக்கு வந்து மூன்று வருடம். வேலை முடிந்ததும் வருவதாகச் சொன்னாய். முடிந்து ஒரு வருடம் ஆயிற்று. அறுபதை நெருங்கும் வயதில் கண்மாயில் குதித்தால் தெருவே சிரிக்காதா? உன் கை ரசத்துக்கு நாக்கு ஏங்குகிறது. சமையலறையை ஒட்டி உன் கட்டிலுக்கு மருமகள் இடம் ஒழித்துவிட்டாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படு.

உன்
சௌந்தரராஜன்

*

பழங்காநத்தம்
2.10.1986

அன்புள்ளவருக்கு,

சண்டைக்கு வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரம், கடிதத்துக்குத் தமிழ் என்று நாம் வைத்துக்கொண்டது நல்லதாயிற்று. தமிழில் எழுதும்போது நான் யோசிக்கிறேன். யோசித்தே இதை எழுதுகிறேன்: போட்டியை நான் முடித்தால் நீங்கள் மதுரைக்குத் திரும்பிவிட வேண்டும். முடிக்காவிட்டால் நான் பம்பாய்க்கு வந்துவிடுகிறேன். இது வாக்கு.

சமயநல்லூரில் பாண்டியம்மாளின் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகுகிறேன். எங்கள் கல்லூரி நூலகத்தில் இருந்தாளே, அவள்தான். பாவாடையும் உங்கள் பழைய சட்டையும் அணிந்து, இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு படியில் தயங்கி நின்றேன்.

“மீன்லேருந்துதான் வந்தோம்னு அம்புட்டு வருசமா பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தீகள்லக்கா? எறங்குங்க!” என்றாள்.

இறங்கினேன். குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை.

“செவத்த மட்டும் விட்றாதீக. வலது கைப்பக்கம் அதை ஒட்டியே சுத்துங்க. மூச்சு முட்டுனா கல்லைப் பிடிச்சுக்கிறலாம்.”

வட்டக் கிணறு. செக்குமாடு போலச் சுற்றுகிறேன். குடுக்கையை இப்போது அவிழ்த்தாயிற்று. வீடு திரும்பிய அன்றே மறுபடி கிணற்றுக்குப் போகத் தோன்றுகிறது. இரவில் படுத்தாலும் கால் நிற்கமாட்டேன் என்கிறது.

ரங்கநாயகி

*

பம்பாய்
10.12.1986

அன்புள்ள ரங்காவுக்கு,

உன் வாக்கை ஏற்றுக்கொண்டேன். ஜனவரிக் கடைசியில் நீ இங்கு வர ரயில் டிக்கெட் எடுத்துவிட்டான் ராதாகிருஷ்ணன். முன்கூட்டியே எடுத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ எங்கே முடிக்கப்போகிறாய்? ஆழத்துக்கு மட்டும் போகாதே.

சௌந்தரராஜன்

*

பழங்காநத்தம்
19.1.1987

அன்புள்ளவருக்கு,

நேற்றுப் போட்டி நடந்தது. முழுவதையும் எழுதுகிறேன், நடுவில் நிறுத்தி ராதாகிருஷ்ணனிடம் கொடுக்க வேண்டாம்.

எதிர்க்கரையில் கட்டியிருந்த சிவப்புக் கொடியை நோக்கி நீந்த வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் இளம்பெண்கள். விசில் ஊதியதும் பாய்ந்துவிட்டார்கள். நானும் இறங்கினேன். கை வீச்சு சரியாக இருந்தது, மூச்சும் சரியாக இருந்தது. கரையிலிருந்து, “நேராப் போங்கம்மா, நேரா!” என்று கத்தினார்கள். நேராகத்தான் போகிறேன், இவர்களுக்கென்ன என்று தலை நிமிராமல் நீந்தினேன். கால் சேற்றில் தட்டியது. கடந்துவிட்டேன் என்று எழுந்து நின்றேன்.

எதிரே பாண்டியம்மாள் நின்றாள். “என்னக்கா, எதையும் வச்சுட்டுப் போயிட்டீகளா?”

புறப்பட்ட கரைக்கே வந்திருந்தேன். மாதக்கணக்கில் கிணற்றுச் சுவரை ஒட்டிச் சுற்றிய உடம்பு, சுவரில்லாத தண்ணீரிலும் இடது பக்கமாக வளைந்து வளைந்து ஒரு முழு வட்டம் போட்டிருக்கிறது. மறுபடி இறங்கப் போனேன். நேரம் முடிந்துவிட்டதென்று தடுத்துவிட்டார்கள். கண்மாய்க்கரையே சிரித்தது. பாண்டியம்மாள் உட்கார்ந்து சிரித்தாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன்.

ஆகவே, தோற்றது நான்தான். முடித்துவிட்டதாக எழுதி உங்களை வரவழைத்திருக்கலாம். அங்கிருந்து பார்த்தவர் யார்? அப்படி வந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்காது.

வாக்குப்படி நான் பம்பாய்க்கு வர வேண்டும். வரப்போவதில்லை. இத்தனை வருடத்தில் உங்களுக்குக் கொடுத்த வாக்கில் நான் மீறுவது இது ஒன்றுதான், தெரிந்தே மீறுகிறேன். உங்களுக்குக் கோபம் வரும். நியாயமான கோபம். ஆனால் சமையலறையை ஒட்டிய கட்டிலில் என்னால் படுத்திருக்க முடியாது. தண்ணீர் வற்றுவதற்குள் கண்மாயிலேயே பழகப்போகிறேன். அடுத்த தைக்கும் பெயர் கொடுத்தாயிற்று.

டிக்கெட்டை ரத்துசெய்துவிடுங்கள். இங்கே வருவதும் வராததும் இனி உங்கள் விருப்பம். அதற்குப் பந்தயம் எதுவும் இல்லை. வருவதானால் முன்னால் எழுதிவிட்டு வாருங்கள். காலையில் நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

ரங்கநாயகி