இடப்பக்கத்து அளவு

திங்கட்கிழமை மதியம்

அன்பு மகள் குண்டுமணிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உன் அப்பா, நான், தையல் மெஷின் மூவரும் இருந்த இடத்தில் இருக்கிறோம். மூவரில் மெஷின் மட்டும்தான் எண்ணெய் விட்டால் சரியாகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று எந்நேரமும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நான் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கோபித்துக்கொள்ளாதே. கடையும் வீடும் ஒரே அறையாகிப் போனபின் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழுகிறது. பக்கவாதம் அவருடைய வலக் கையையும் காலையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. காதை மட்டும் நன்றாகத் தீட்டி விட்டுவிட்டது. அவரைப் பொறுத்தவரை உனக்குப் பத்தொன்பது வயதில் நடந்தது குடல்வால் ஆபரேஷன். அது அப்படியே இருக்கட்டும் என்று நீதான் என்னிடம் சத்தியம் வாங்கினாய். அதனால் அவர் கண் அசரும் நேரம் பார்த்து, துணி வெட்டும் மேசையில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். போனில் தட்டி எழுத எனக்கு வராது என்று உனக்கே தெரியும்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். அன்று இடப்பக்கம் வைத்த சிலிக்கான் பை பழையதாகிவிட்டது. அதைச் சுற்றி உடம்பே ஒரு தோலைக் கட்டி இறுக்கிக்கொண்டு வருகிறது. அதனால்தான் கல் மாதிரி ஆகி, குழந்தையைத் தூக்கினால் உயிர் போகிறது. எடுத்தே ஆக வேண்டும். புதிதாக வைப்பது எந்த அளவு என்பதுதான் கேள்வி. வலப்பக்கம் இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துப் பெருத்திருக்கிறது. அதற்கு ஈடாக வேண்டுமென்றால் முந்நூறு சிசி வைக்க வேண்டும். ஆனால் இடப்பக்கத்துத் தோல் மெலிந்துபோய்விட்டது, அவ்வளவு கனத்தைத் தாங்காது, இருநூறுதான் சரி என்கிறார் டாக்டரம்மா. இருநூறு வைத்தால், வலப்பக்கத்தையும் கீறிக் குறைத்தால்தான் இரண்டும் ஒத்துப்போகும். இதுதானே?

போன வாரம் அப்பா தூங்கும்போது நான் கிசுகிசுத்துக் கேட்ட கேள்வியை அந்த டாக்டரம்மாவிடம் போய் அப்படியே ஒப்பித்து என் மானத்தை வாங்கிவிட்டாய். வளரும் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கும்போது உள்ளே இரண்டு விரல் துணி மடித்து விடுவேனே, அந்த மாதிரி இப்போது சின்னதாக வைத்துவிட்டு, தோல் தேறியபின் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ள முடியாதா என்று கேட்டேன். சிரித்தாராமே. சிரிக்கட்டும். வயசெல்லாம் தைத்தே கழித்தவளுக்கு வேறு எப்படிக் கேட்கத் தெரியும்?

உனக்குப் பதின்மூன்று வயதில், பள்ளிச் சட்டைக்கு அளவெடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. டேப்பைத் திரும்பத் திரும்பச் சுற்றினேன். வலப்பக்கம் வளர்ந்திருந்தது, இடப்பக்கம் பலகை. போகப் போக வளரும் என்றார்கள். வளரவே இல்லை. அன்றிலிருந்து உன் சட்டை ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தேன். வகுப்பில் ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. அது என் கைக்கு அடங்கிய காரியம். இது அப்படி இல்லை.

'எனக்கு ஒண்ணும் புரியலம்மா, நீயே சொல்லு, நீ சொல்ற அளவையே வெச்சுக்கறேன்' என்கிறாய். கல்யாணத்தைக்கூட என்னைக் கேட்டுச் செய்யாதவள் நீ. முப்பத்து நான்கு வயதில் முதல் தடவையாக அம்மாவிடம் யோசனை கேட்கிறாய். கேட்பதற்கு உனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா? யோசித்து எழுதுகிறேன். அதற்குள் அவசரப்பட்டுத் தேதிக்கு ஒத்துக்கொள்ளாதே. குழந்தையை மாப்பிள்ளை தூக்கட்டும், அவருக்கு இரண்டு கையும் நன்றாகத்தானே இருக்கிறது.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா


வியாழக்கிழமை

அன்பு மகளுக்கு,

இரண்டு நாள் வந்து கூட இருந்துவிட்டுப் போ என்று கேட்டாய். கேட்கும்போதே உன் குரல் இறங்கிவிட்டது, முடியாது என்று உனக்கே தெரியும். மருந்துக்கடைக்காரர் மனைவி, 'நீங்க போய்ட்டு வாங்கக்கா, ஐயாவை நான் பாத்துக்கறேன்' என்று நல்ல மனதோடுதான் சொன்னாள். ஒருநாள் ஒத்திகை பார்த்தோம். அவள் கரண்டியை நீட்டினால் உன் அப்பா வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார். வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி முகம் நீலம் பாரிக்கிறது. அவள் பயந்துபோய்க் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். நான் அவரை விட்டு வந்தால் அவர் இருக்கமாட்டார், வராவிட்டால் நீ தனியாகக் கிடப்பாய். நான் என்ன செய்யட்டும் சொல்லு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ முந்நூறு, இருநூறு என்கிறாய். எனக்கு அங்குலம் தெரியும், சிசி தெரியாது. அப்பாவுக்குப் பால் அளக்கும் பிளாஸ்டிக் குவளையில் கோடு போட்டிருப்பது ஞாபகம் வந்தது. அதில் முந்நூறு வரை அரிசியை அளந்து, அவருடைய பழைய காலுறையில் கொட்டி முடிச்சுப் போட்டு, என் பிராவுக்குள் இடப்பக்கம் வைத்துக்கொண்டேன். சிரிக்காதே. இந்த வயதில் கடைக் கண்ணாடி முன் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத்தானா அந்த மருந்துக்கடைக்காரர் மனைவி கவுனுக்கு அளவு கொடுக்க வரவேண்டும்? 'என்னக்கா, ஒரு பக்கம் வீங்கின மாதிரி இருக்கே' என்றாள். ஊசி குத்தி வைக்கிற பஞ்சு மெத்தை என்று சொல்லிச் சமாளித்தேன். படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பா பாதி வாயால் சிரித்தார். படுக்கையில் விழுந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என்ன கூத்து இது என்று கண்ணால் கேட்டார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றேன். தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார்.

அதோடு நாள் முழுக்க மெஷின் மிதித்தேன். மதியத்துக்குள் தோள்பட்டை இழுத்துவிட்டது. அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது அது நடுவில் வந்து இடித்தது. மறுநாள் இருநூறு அளந்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது இருப்பதே மறந்துவிட்டது. ஆனால் சாயங்காலம் முடிச்சை அவிழ்த்து அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்டும்போது மனசுக்குள் சுரீர் என்றது. எனக்குக் கனத்தது, நான் எடுத்துவிட்டேன். நீ பதினைந்து வருடமாக எடுத்து வைக்க முடியாமல் சுமக்கிறாய். இனி வைப்பதும் அப்படித்தான். அந்த டப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

எடுத்துவிட்டு ஒன்றும் வைக்காமல் விட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் குளித்த பெண் நீ. அந்த இருட்டுக்குள் மறுபடி உன்னைப் போகச் சொல்ல என்னால் ஆகாது.

ஆகவே நான் சொல்வது இது. ஒரு தடவை தையல் பிரித்த இடத்தில் துணி நைந்திருக்கும். அங்கே கனமான பித்தானை வைத்தால், பித்தானோடு துணியும் கையோடு வந்துவிடும். டாக்டரம்மா சொல்வது எனக்கு அப்படித்தான் புரிகிறது. இருநூறே வைத்துக்கொள். வலப்பக்கத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள். இரண்டும் ஒரே அளவாகிவிட்டால் இனி ஒரு கவலையும் இல்லை.

தைரியமாக இரு. மறக்காமல் சாப்பிடு.

உன் அம்மா


செவ்வாய்க்கிழமை

என் கண்ணே,

நாளைக் காலை ஆபரேஷன், இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அது தெரிந்தும் எழுதுகிறேன். கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. காலையிலிருந்து ஒரு கவுனுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

என் கடிதம் கிடைத்ததும் போன் செய்து 'சரிம்மா, நீ எழுதின மாதிரியே செஞ்சிடறேன்' என்றாய். உன் சரிம்மாக்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. கசப்பு மருந்தைக் குடிக்கும் முன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்வாயே, அந்தச் சரிம்மா இது. பிறகு பிள்ளைகளின் குறும்பையெல்லாம் பேசிவிட்டு, வைக்கப் போகும் சமயத்தில் மெதுவாகச் சொன்னாய். 'என் உடம்புல தானா வளந்தது இது ஒண்ணுதாம்மா. ரெண்டு புள்ளைங்களும் இதுலதான் குடிச்சுதுங்க. இதுல போய் கத்தி படணுமான்னு இருக்கு.' நான் என்ன பதில் சொன்னேன்? அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று, உம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ சின்னவளாக இருந்ததிலிருந்து என் கண் உன் இடப்பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. வலப்பக்கம் என் கணக்கிலேயே கிடையாது. அது நன்றாக இருக்கிறது, அதற்கென்ன, கொஞ்சம் வெட்டிவிடு என்று எழுதிவிட்டேன். மிச்சத் துணியை வெட்டுகிற மாதிரி எழுதிவிட்டேன்.

மாற்றிச் சொல்லலாம் என்றால் எதை மாற்றுவது? முந்நூறு வைத்துக்கொள் என்று சொல்லி, தோல் தாங்காமல் இன்னொரு ஆபரேஷன் வந்தால்? பெரிதும் சின்னதுமாக அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி, நீ மறுபடி கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உடை மாற்றினால்? நான் எதைச் சொன்னாலும் அது விழப்போவது உன் உடம்பில். நேற்றும் இன்றும் உன் எண்ணை அழுத்தி அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்தேன். ஒரு தடவை நீ எடுத்துவிட்டாய். குழந்தைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

கடைசி நிமிடத்தில், வெட்டும் இடத்தில் டாக்டரம்மா பேனாவால் கோடு போடும்போதுகூட வலப்பக்கம் வேண்டாம் என்று சொல்லலாமாம், மாப்பிள்ளை விசாரித்திருக்கிறார். அதை அவரே உன்னிடமும் சொல்லியிருப்பார். அம்மா எழுதிவிட்டாள் என்று நீ வாயை மூடிக்கொண்டு படுத்துவிடுவாயோ என்றுதான் பதறுகிறேன். நான் எழுதியதை மறந்துவிடு, உன் இஷ்டப்படி செய் என்று போனிலேயே சொல்லித் தொலைக்கலாமே என்று கேட்பாய். சொன்னால் நாளைக் காலைவரை புரண்டு புரண்டு யோசித்து, கண் சிவந்து போய்ப் படுப்பாய். சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். எது சரி என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. என் கையால் கொடுத்தும் இரண்டு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. உன் படத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், வாயைக் கோணிக்கொண்டு என்னவோ கேட்கிறார். உன்னைப் பற்றித்தான் கேட்கிறார் என்று தெரிகிறது. தெரியாதவள் மாதிரி தலையணையைச் சரிசெய்கிறேன்.

நீ கண் விழித்ததும் எனக்குப் போன் போட்டு, அதை உன் வாய்க்குப் பக்கத்தில் வைக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். பேச முடியாவிட்டாலும் ஒரு முனகல் போதும். இதை நீ படிக்கும்போது அந்த முனகலை நான் கேட்டு முடித்திருப்பேன். கேட்டிருக்க வேண்டும்.

எந்த அளவு வைத்தார்கள், வலப்பக்கம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கப் போவதில்லை. நீயும் சொல்ல வேண்டாம். கட்டைப் பிரித்து முதல் தடவை கண்ணாடியில் பார்க்கும்போது என் கண்ணால் பார்க்காதே. உன் கண்ணால் பார். உனக்குப் பிடித்திருந்தால் அதுவே எனக்குப் போதும். பிடிக்கவில்லை என்றால் எனக்குப் போன் செய்து திட்டு. அப்பா காதில் விழுந்தாலும் பரவாயில்லை, வாய்விட்டு, சத்தமாகத் திட்டு. சரிம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே.

என் ஆயுசையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நீ நன்றாக இரு.

உன் அம்மா